கியர் பெட்டியும் மாப்பிள்ளையின் கால்களும்

மாப்பிள்ளையின் கால்கள் மட்டுமே வெளியே தெரிந்தன.

மீதி உடம்பு காடிக்கு, எங்கள் மோட்டார் காருக்கு, அடியில் இருந்தது. கழுவித் துடைத்தது போன்ற பாதங்கள். குதிகாலில் மட்டும் கொஞ்சம் செம்மண். அவை எங்கள் வீட்டு வாசலைப் பார்த்து நீண்டிருந்தன. நான் காடிக்குள், தரைப்பலகைகளைக் கழற்றிய ஓட்டைக்கு மேல் மண்டியிட்டு, முகமெல்லாம் கிரீஸ் அப்பிக்கொண்டு கீழே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

"வருதா மாப்பிள்ள?"

"வர்ற மாதிரி இருக்கு மாமா."

காலையிலிருந்து இதே கேள்வி, இதே பதில். வரவேண்டியது கியர் பெட்டி. அது வருகிற மாதிரியே இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனால் மாப்பிள்ளையிடம் "வராது போலிருக்கிறது, எழுந்து வாருங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாமனாரிடம் "வராது" என்று சொல்ல அவருக்கும் வரவில்லை.

பக்கத்து வீட்டில் மறுபடியும் சரவெடி கொளுத்தினார்கள். அன்று சீனப் புத்தாண்டுப் பெருநாள்.

எதற்காக இந்தக் கூத்து

சென்ற இதழில் என் மகள் பூரணியின் கல்யாணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். பந்தியில் ரசம் தீர்ந்துபோனதைக்கூட விடாமல் எழுதிவிட்டேன் என்று வீட்டில் கோபம். அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த தைமாதம் பூரணி தலைப்பிரசவத்துக்கு பினாங்கு டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நிறைமாதம். மாப்பிள்ளை தைப்பிங் பக்கத்தில் ஒரு தோட்ட ஆப்பீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. பெருநாள் விடுமுறைக்கு ரயிலேறி, பிறை துறையில் கப்பல் ஏறி, மனைவியைப் பார்க்க வந்தார். வந்த மறுநாளே அவரைக் காடிக்கு அடியில் படுக்க வைத்துவிட்டேன்.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும். என் மகளுக்கு வலி எடுக்கும்போது வண்டி இருக்காது என்பதுதான் அந்த மாதம் முழுவதும் என்னைப் பிடித்திருந்த பயம். ஆஸ்பத்திரி அப்படியொன்றும் தூரமில்லை. எங்கள் தெருமுனையில் எந்நேரமும் நான்கைந்து ரிக்ஷாக்கள் நிற்கும். ஆனால் ரிக்ஷாக்காரர்கள் அத்தனை பேரும் சீனர்கள். பெருநாளுக்கு அவர்கள் வண்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சூதாடப் போய்விடுவார்கள். பஞ்சாங்கத்தில் பெருநாள் தேதியைப் பார்த்த அன்றே ரிக்ஷாவை நம்ப முடியாது என்று முடிவு செய்துவிட்டேன்.

"நம்ம காடி இருக்கே," என்றாள் என் மனைவி.

அந்தக் காடிதான், சரியாகப் பெருநாளுக்கு முதல் நாள், மூன்றாவது கியரில் மாட்டிக்கொண்டது. கியர்த்தண்டு முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. சுங்கை பினாங்கில் பட்டறை வைத்திருக்கும் ஆ லெங்கிடம் ஓடினேன். அவன் பட்டறைக் கதவில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"பெட்டியைக் கழட்டிப் பாக்கணும். லெபாஸ் தாவுன் பாரு-லா!" என்றான். பெருநாள் கழியட்டும் என்று அர்த்தம்.

"என் மகளுக்குப் பிரசவம்," என்றேன் மலாயில்.

அவன் எனக்கு வாழ்த்துச் சொல்லி, பெருநாள் வழக்கப்படி இரண்டு ஆரஞ்சுப் பழம் கொடுத்து அனுப்பினான்.

காடி வந்த கதை

ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து வாங்கிய பழைய காடி அது. பூரணி அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

"நாம எங்க போகப் போறோம்னு இத வாங்குனீங்க?" என்று கேட்டாள் என் மனைவி.

"அவசரத்துக்கு," என்றேன்.

அதற்குப் பிறகு வீட்டில் ஓர் அவசரமும் வரவில்லை. வந்த அவசரமெல்லாம் காடிக்குத்தான். ஒரு தைப்பூசத்துக்கு எல்லாரையும் ஏற்றிக்கொண்டு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனேன். வழியில் தண்ணீர் கொதித்து, மூடியைத் திறந்ததும் ஆவி கிளம்பியது. பக்கத்தில் போன காவடிக்காரர் ஒருவர் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். பூரணி இறங்கி நடந்துபோய், சாமி கும்பிட்டு, திருநீறோடு திரும்பி வந்தபோதும் நான் அதே இடத்தில் விசிறிக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் காடியின் உறுப்புகளுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்பதையெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். ஆ லெங்கின் பட்டறையில் அவற்றை வரிசையாகச் சொல்வேன். அவன் வேலையை நிறுத்திவிட்டு மரியாதையாகக் கேட்டுக்கொள்வான். அதனால் எனக்குக் காடி வேலை தெரியும் என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

"கொஞ்சம் தெரியும்"

மாப்பிள்ளைக்குத் தெரியும் என்று நான் நம்பியதற்கு வேறு காரணம் உண்டு. பெண் பார்க்க வந்த அன்று, பஜ்ஜிக்கும் காப்பிக்கும் இடையில் பேச்சு அறுந்துபோனது. அந்த மௌனம் தாங்காமல் நான், "காடி பத்தியெல்லாம் தெரியுமா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் தெரியும்," என்றார்.

பெண்ணைக் கொடுத்த மாமனார் இந்த மாதிரி வார்த்தைகளை மறப்பதில்லை. ஆ லெங் கைவிட்ட அன்று ராத்திரிச் சாப்பாட்டில், மாப்பிள்ளை இலைக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றச் சொல்லிவிட்டு, மெதுவாக ஆரம்பித்தேன்.

"நாம ரெண்டு பேருமாச் சேந்து அந்தப் பெட்டியக் கழட்டிப் பாத்தா என்ன மாப்பிள்ள?"

அவர் கை சோற்றில் நின்றது.

"பாக்கலாம் மாமா," என்றார்.

அவர் முகத்தைப் பார்த்து, ஆசாமி ஆர்வமாக இருக்கிறார் என்று நினைத்தேன். பூரணி மட்டும் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

பாயும் தலையணையும்

காலையில் காடியின் சக்கரங்களைக் கழற்றி, மரக்கட்டைகளின் மேல் தூக்கி நிறுத்தினோம். மாப்பிள்ளை சாக்கை விரித்துக் கீழே படுக்கப் போனார். அதற்குள் உள்ளேயிருந்து என் மனைவி ஓடி வந்தாள்.

"ஐயையோ, மாப்பிள்ள தரையிலயா படுக்கிறது! ஏங்க, உங்களுக்கு அறிவு இருக்கா?"

கல்யாணத்துக்கு வாங்கிய பாய் வந்தது. அதன் மேல் ஒரு தலையணை வந்தது. பூரணி ரோசாப்பூ பின்னிய உறை போட்ட, விருந்தாளிகளுக்கு மட்டும் எடுக்கும் தலையணை.

"வேணாம் அத்தை, அழுக்காகிடும்."

"அழுக்கானா தொவைக்கலாம். தலைய வைங்க."

அத்தை நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் தலையை வைத்தார். ரோசாப்பூவில் சாய்ந்துகொண்டு கியர் பெட்டி கழற்றிய மனிதர் பினாங்கில் வேறொருவர் இருந்திருக்க முடியாது.

எஞ்சினுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் கனமான இரும்புப் பெட்டி அது. அரை மூட்டை அரிசிக்குக் குறையாது. பின்னால் போகும் தண்டை அவிழ்த்து, சுற்றியிருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, பின்பக்கமாக இழுத்தால் வந்துவிடும். கீழே விழாமல் இருக்க, காடிக்குக் குறுக்கே ஒரு மரச்சட்டத்தைப் போட்டு, அதிலிருந்து கயிற்றால் பெட்டியைத் தூக்கிக் கட்டியிருந்தேன். அதுவரை நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்தக் கயிறுதான்.

போல்ட்டுகள் வந்தன. பெட்டி வரவில்லை.

மண்ணெண்ணெய் ஊற்றினோம். தேங்காயெண்ணெய் ஊற்றினோம். சந்துக்குள் உலக்கையைக் கொடுத்து நெம்பினேன். "அது அரிசி குத்துற உலக்கங்க!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. பெட்டி ஒரு நூல் அசைந்து, மறுபடி பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்தது.

போதாததற்கு வெளிச்சமும் இல்லை. பக்கத்து வீட்டு பிஸ்கட் கடை முதலாளியான தவுக்கேயைப் பார்க்க அவருடைய தம்பி ஒரு புதுக் காடியில் வந்து, சரியாக எங்கள் வாசலை ஒட்டி நிறுத்தியிருந்தார். கறுப்பு நிறம், முகம் தெரியும் பளபளப்பு. காடியோட்டி உள்ளே உட்கார்ந்து தர்பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

"பாருங்க மாப்பிள்ள, வெளிச்சத்த மறைச்சுக்கிட்டு நிக்கிறான்," என்று பல்லைக் கடித்தேன்.

"ஆமா மாமா," என்றது அடியிலிருந்து குரல்.

கடைசியில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தூக்கிக் கட்டியிருக்கும் கயிறுதான் பெட்டியைப் பின்னால் வரவிடாமல் பிடிக்கிறது என்று முடிவு செய்தேன். அதை அவிழ்த்துப் பெட்டியின் வாலில் கட்டினேன். தூக்கிய கயிறு இழுக்கும் கயிறானது. நான் இழுக்க, மாப்பிள்ளை கீழிருந்து இரு கைகளாலும் தள்ள, அப்போதும் அது வரவில்லை.

அவருடைய தலைக்கு மேலே அந்த இரும்பை எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். துருவை அவ்வளவு நம்பினேன்.

சந்தனம்

பூரணி முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து காடிக் கதவில் சாய்ந்தாள்.

"என்னப்பா, வரலியா?"

"நீ உள்ள போய்ப் படும்மா. எல்லாப் போல்ட்டும் கழட்டியாச்சு. துரு."

அவள் குனிய முடியாமல் குனிந்து ஓட்டைக்குள் பார்த்தாள்.

"மேல இருக்கிறதக் கழட்டிட்டீங்களா?"

"எது மேல?"

"நான் பொட்டு வைப்பேனே அது."

இங்கே ஆயுத பூசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எல்லாரும் காடிக்கு முன்னால் ஒரு பொட்டு, சக்கரத்துக்கு ஒரு பொட்டு, அடியில் நசுக்க எலுமிச்சம்பழம் என்று நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அது போதாது. எங்கெல்லாம் உடையும் என்று பயமோ அங்கெல்லாம் சந்தனம் வைக்க வேண்டும். தரைப்பலகையைக் கழற்றி, கியர் பெட்டி வரைக்கும் வைக்கச் சொல்வேன். என் கை நுழையாத இடங்களுக்குப் பூரணியின் மெலிந்த கை போகும். எல்லாவற்றுக்கும் உச்சியில், முன்பக்கத் தகட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஒன்றுக்குத்தான் அவள் அதிகமாக அப்புவாள். எட்டாத இடம் என்பதால், கையில் மிஞ்சியதையெல்லாம் அங்கேயே தேய்த்துவிட்டு வருவாள்.

வருஷா வருஷம் சந்தனம். அதன் மேல் எண்ணெய், புழுதி. அதன் மேல் மறுபடியும் சந்தனம். தடவிப் பார்த்தேன். கல் போல ஒரு மேடு. அந்த மேட்டைப் பெட்டியின் ஒரு பகுதி என்றே நான் காலையிலிருந்து எண்ணியிருந்தேன். திருப்புளியால் சுரண்டினேன். கறுப்பு உதிர்ந்தது, பிறகு பழுப்பு உதிர்ந்தது, கடைசியில் குங்குமத்தின் சிவப்பு தெரிந்தது. அதற்கும் உள்ளே ஆறு மூலையோடு ஒரு போல்ட்டுத் தலை.

காடி உடையக்கூடாது என்று வைத்த சந்தனத்தை என்னைப் போல் யாரும் இவ்வளவு பக்தியோடு சுரண்டியிருக்க மாட்டார்கள்.

"மாப்பிள்ள! கெடைச்சிருச்சு!" என்று கத்தினேன். ஸ்பேனரை மாட்டித் திருப்பத் தொடங்கினேன்.

அதே நேரம் பக்கத்து வீட்டில் பெரிய சரத்துக்கு நெருப்பு வைத்தார்கள். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. கதவோரம் பூரணி கையை ஆட்டி ஏதோ சொன்னாள். "இருங்கப்பா, அவர வரச் சொல்லுங்க," என்றாளாம். எனக்கு அவள் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. சந்தோஷப்படுகிறாள் என்று நினைத்து, நானும் சிரித்துக்கொண்டே திருப்பினேன்.

போல்ட்டு என் கையோடு வந்தது.

பெட்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு தானாகவே, எவ்வளவோ சுலபமாக, பின்னால் வழுக்கிக் கீழே போனது.

கால்களைக் காணோம்

சத்தம் கேட்கவில்லை. மண்டியிட்ட முழங்கால்களில் ஓர் அதிர்ச்சி மட்டும் ஏறியது. ஓட்டை வழியாக இலவம்பஞ்சு மேலே எழும்பி வந்தது. வெள்ளை வெள்ளையாக, அவசரமே இல்லாமல், என் முகத்துக்கு முன்னால் மிதந்தது. கீழே குனிந்து பார்த்தேன். தலையணையின் நடுவில் கியர் பெட்டி உட்கார்ந்திருந்தது. ரோசாப்பூவில் ஓர் இதழ் தெரிந்தது.

கதவு வழியாக வெளியே பார்த்தேன். கால்களைக் காணோம்.

காலையிலிருந்து பார்த்துப் பழகிய கால்கள். பாய் இருந்தது, கால்கள் இல்லை. எப்படி இறங்கினேன் என்று தெரியாது. பூரணியின் முகத்தைப் பார்க்கும் தைரியம் மட்டும் இல்லை. அவளைப் பார்க்காமல் அவளைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

சரவெடி ஓய்ந்தது.

காடியின் அந்தப் பக்கத்திலிருந்து, வெடிப்புகைக்கும் பஞ்சுக்கும் நடுவே, ஒரு குரல் வந்தது.

"அத்தை... தலகாணி கெட்டுப் போச்சு."

நடந்தது இதுதான். என் மனைவி தேத்தண்ணீர் எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கியிருக்கிறாள். காடிக்கு அடியிலிருந்து அவளுடைய சேலை விளிம்பைப் பார்த்தவுடன், அத்தையைப் பார்த்துக் காலை நீட்டிக்கொண்டிருக்கிறோமே என்று மாப்பிள்ளைக்குப் பதறிவிட்டது. காலை மடக்கி, உடம்பைப் புரட்டி, அந்தப் பக்கமாக வெளியே வந்து எழுந்திருக்கிறார். அவர் எழுந்ததும் தலையணை மட்டும் கீழே தனியாக இருந்தது.

தலையெல்லாம் பஞ்சோடு நின்றார். தேத்தண்ணீரை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். அப்போதுதான் கிளாஸ் ஆடத் தொடங்கியது.

என் மனைவி தலையணையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை வாரப் பத்திரிகையில் எழுத முடியாது.

பத்தடி தூரம்

"அம்மா," என்றாள் பூரணி.

கதவுப் பிடியைப் பற்றியபடி அவள் மெல்லச் சரிந்து உட்கார்ந்துகொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

மாதம் முழுவதும் நான் ஒத்திகை பார்த்த நேரம் அது. என் காடி மரக்கட்டையின் மேல் நின்றது. அதன் சக்கரங்கள் கோழிக்கூட்டின் மேல் சாய்ந்திருந்தன. அதன் கியர் பெட்டி தலையணையில் படுத்திருந்தது. நான் கையில் போல்ட்டை வைத்துக்கொண்டு, "மாப்பிள்ள, என்ன செய்யலாம்? ரிக்ஷா... இல்ல, ஆ லெங்... இல்ல, முதல்ல சக்கரத்த மாட்டி..." என்று சொல்லிக்கொண்டே போனேன்.

மாப்பிள்ளை என் பேச்சு முடியும்வரை காத்திருக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. கிளாஸை என் கையில் திணித்துவிட்டு நேராகப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தார்.

"தவுக்கே! தோலோங், தவுக்கே!" உதவுங்கள் என்று மலாயில் கூவினார்.

தவுக்கே வெளியே வந்தார். கிரீஸும் பஞ்சுமாக நிற்கும் ஆளைப் பார்த்து முதலில் பயந்தார். பிறகு எங்கள் வாசலைப் பார்த்தார். உடனே சீனத்தில் ஏதோ சத்தம் போட்டார். விதை கொறித்துக்கொண்டிருந்த காடியோட்டி கையிலிருந்ததை எறிந்துவிட்டு எழுந்தான். வெளிச்சத்தை மறைக்கிறது என்று நான் காலையிலிருந்து திட்டிக்கொண்டிருந்த அந்தப் புதுக் காடியின் கதவு திறந்தது. பூரணியும், என் மனைவியும், மாப்பிள்ளையும் ஏறினார்கள். எனக்கு இடமில்லை. இருந்திருந்தாலும் ஏற்றியிருக்க மாட்டார்கள்.

காடி தெருமுனை திரும்பியது. தவுக்கே என் தோளைத் தட்டி, "காலையிலேயே ஏன் கேட்கல?" என்று மலாயில் கேட்டார்.

"பெருநாள்னு தொந்தரவு செய்யல," என்றேன்.

அவர் என் காடியைப் பார்த்தார், கீழே கிடந்த பெட்டியைப் பார்த்தார், பிறகு எனக்கு இரண்டு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்.

முடியாது

பொழுது சாயும்போது மாப்பிள்ளை திரும்பி வந்தார். நான் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். கையைக்கூடக் கழுவவில்லை. அவருடைய காதுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருந்தது.

"பொண்ணு மாமா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்தக் காதுப் பஞ்சையாவது எடுத்துவிட்டிருக்கலாம். வாயைத் திறந்தபோது வெளியே வந்தது வேறு.

"அப்ப... பெட்டிய நாளைக்கு மாட்டிடலாமா மாப்பிள்ள?"

"முடியாது மாமா."

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். நானும் திடுக்கிட்டேன். பிறகு அவர் என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். அதற்கு முன் அவர் எனக்குச் சமமாக உட்கார்ந்ததில்லை.

"எனக்குக் காடியப் பத்தி ஒண்ணுமே தெரியாது மாமா. எங்க துரை காடியில பின்னால உக்காந்து போயிருக்கேன். அவ்வளவுதான்."

"பொண்ணு பாக்க வந்தப்ப, கொஞ்சம் தெரியும்னு சொன்னீங்களே?"

"நீங்க கேட்டீங்க. தெரியாதுன்னு சொன்னா நல்லா இருக்காதேன்னு..."

"எனக்கும் தெரியாது மாப்பிள்ள," என்றேன். "பேரு மட்டுந்தான் தெரியும்."

இரண்டு பேரும் ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தின்றோம். கிரீஸ் நாற்றம் அடித்தது. விட்டுவிட்டுப் பஞ்சு பறந்துகொண்டிருந்தது.

பெருநாள் முடிந்து ஆ லெங் வந்து பெட்டியை மாட்டினான். அந்த உச்சிப் போல்ட்டை முறுக்கிவிட்டு, இதற்கும் பொட்டு வைப்பீர்களா என்று சைகையால் கேட்டான். வைக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் காடியின் நெற்றியில் மட்டும் ஒரு பொட்டு. உள்ளே என்ன நடக்கிறதோ அது அதன் பாடு.

தலையணைக்குப் புதிதாகப் பஞ்சு அடைத்தாயிற்று. அதில் இப்போது தலை வைத்துத் தூங்குகிறவளுக்கு நடக்கத் தெரியும், ஓடத் தெரியும், எனக்குப் பயம் காட்டவும் தெரியும். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது என் மேசைக்கு அடியில் புகுந்து எதையோ தேடுகிறாள். இரண்டு சின்னக் கால்கள் மட்டும் வெளியே தெரிகின்றன. "வெளியே வா!" என்று கத்திவிட்டேன். மேசைதானே, அது எங்கே விழப்போகிறது என்று உள்ளே சிரிக்கிறார்கள். மாப்பிள்ளையின் சிரிப்பும் கேட்கிறது.

இப்போது கால்களைக் காணோம். பேனாவை வைத்துவிட்டுக் குனிந்து பார்க்கப் போகிறேன்.